இலவங்கப்பட்டைத் தூளில் தப்பிய சால்மோனெல்லா: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

உணவுப் பொருள்களைப் பரிசோதித்து அறிக்கை தரும் ஓர் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவு என் பொறுப்பில் இருந்தபோது நடந்தது இது. பேக்கரிப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனம், வாங்கும் ஒவ்வொரு லாட் இலவங்கப்பட்டைத் தூளையும் எங்களிடம் அனுப்பி சால்மோனெல்லா சோதனை செய்துகொள்ளும். சர்க்கரை, பால் பவுடர், பட்டைத்தூள் மூன்றையும் கலந்து அவர்கள் ஒரு தூள் தயாரித்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மேலே தூவுவதற்கான தூள் அது. தூவிய பிறகு சூடு காட்டும் கட்டம் எதுவும் கிடையாது. தூளில் கிருமி இருந்தால் அது அப்படியே சாப்பிடுகிறவரிடம் போய்ச் சேரும்.

மசாலாப் பொருள் காய்ந்தது, கிருமி வளராது என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வளராது என்பது உண்மைதான். ஆனால் சால்மோனெல்லா காய்ந்த பொருளில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2009-10இல் அமெரிக்காவில் தயாரான சலாமி இறைச்சியின் மேல் பூசிய மிளகிலிருந்து பரவிய சால்மோனெல்லா மான்டிவிடியோ என்ற வகையால் 44 மாநிலங்களில் 272 பேர் நோயுற்றது பதிவாகியிருக்கிறது. அங்கேயும் மிளகு சேர்ந்தது கடைசிக் கட்டத்தில்தான்.

நாங்கள் பின்பற்றிய முறை, சால்மோனெல்லாவைத் தேடுவதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6579-1. சுருக்கமாகச் சொன்னால், 25 கிராம் மாதிரியை ஒரு பையில் 225 மி.லி. பெப்டோன் நீரில் (பாக்டீரியாவுக்கு ஊட்டம் தரும் நீர்) கலந்து, 37 டிகிரியை ஒட்டி சுமார் 18 மணி நேரம் வைப்போம். இதுதான் முன்செறிவூட்டல். காய்ந்த பொருளில் அடிபட்டுக் கிடக்கும் பாக்டீரியா இந்த நீரில்தான் தேறி எழுந்து பெருகும். பிறகு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மற்ற பாக்டீரியாக்களை அடக்கும் இரண்டு ஊட்டத் திரவங்களுக்கு மாற்றி, அங்கிருந்து கிருமி காலனிகளாக வளரும் அகர் தட்டுகளில் தீட்டுவோம். வேலை அதிகமாகிவிட்டதால் பட்டைத்தூளுக்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தோம். முன்செறிவூட்டிய நீரிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து, கிருமியின் டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் பார்ப்போம். பிசிஆரில் எதிர்மறை வந்தால் அங்கேயே அறிக்கை போய்விடும்.

பல மாதங்களாக வந்த பட்டைத்தூள் லாட் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் எழுதினோம்: "25 கிராமில் சால்மோனெல்லா கண்டறியப்படவில்லை."

முரண்பாடு வந்த விதம்

கலவைத் தூளை வாங்கும் ஒருவர் தன் பக்கத்தில் வேறோர் ஆய்வகத்தில் சோதித்ததில் சால்மோனெல்லா வந்துவிட்டது. வாடிக்கையாளர் உடனே கலவையையும், கலவைக்குப் போன மூன்று பொருள்களையும் எங்களிடம் அனுப்பினார். கலவையில் எங்களுக்கும் வந்தது. சால்மோனெல்லாவை நிறத்தால் காட்டும் எக்ஸ்.எல்.டி. அகர் தட்டில் இளஞ்சிவப்பில் நடுவில் கறுப்புப் புள்ளியோடு காலனிகள், எந்தக் குழப்பமும் இல்லாமல். உயிர்வேதியியல், சீரம் சோதனைகளிலும் உறுதியானது. ஆனால் சர்க்கரை, பால் பவுடர், பட்டைத்தூள் மூன்றும் எதிர்மறை.

பால் பவுடரில் சால்மோனெல்லா வருவது தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்ட விஷயம். பட்டைத்தூளுக்கோ எங்களுடைய பல மாத அறிக்கைகள் கையில் இருந்தன. அதனால் எல்லோருடைய பார்வையும் பால் பவுடர் மேல் திரும்பியது. வாடிக்கையாளர் அந்த லாட்டை நிறுத்திவைத்து, சப்ளையரிடம் விளக்கம் கேட்டார். அந்த சப்ளையர் ஒரு வாரத்துக்கும் மேல் தன் பக்கத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். தவறான கதவைத் தட்ட வைத்தது எங்கள் அறிக்கைதான். இந்த நிகழ்வில் என்னை இன்றும் உறுத்துவது இதுவே.

முதலில் தேடிய இடங்கள்

எங்கள் பக்கம் பிழை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினோம். பெப்டோன் நீரின் தயாரிப்புப் பதிவு, ஆட்டோகிளேவ் பதிவு, இன்குபேட்டர் வெப்பநிலை எல்லாம் சரி. ஒவ்வொரு நாளும் கிருமியைத் தெரிந்தே போட்டு வைக்கும் நேர்மறைக் கன்ட்ரோலும் தவறாமல் வளர்ந்திருந்தது. வினை நடக்கிறதா என்று பார்க்க பிசிஆரில் சேர்க்கும் உள்ளிருப்புக் கன்ட்ரோல் ஒவ்வொரு மாதிரியிலும் ஒழுங்காக ஏறியிருந்தது. அதாவது பட்டைத்தூளில் உள்ள எதுவும் பிசிஆர் வினையைத் தடுக்கவில்லை.

தாளில் பார்த்தால் குறையே இல்லை.

அப்புறம் மாதிரி எடுப்பைப் பற்றிப் பேசினோம். கிருமி தூளில் சமமாகப் பரவி இருக்காது, அங்கங்கே திட்டாக இருக்கும். நூறு 25 கிராம் பங்குகளில் ஒன்றில் மட்டும் சால்மோனெல்லா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பங்குகளை எடுத்துச் சோதித்தால் அது தப்பிவிடும் வாய்ப்பு 95 சதவீதம். 60 பங்குகள் எடுத்தாலும் தப்பும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். கணக்கு சரியானதுதான். அந்தக் கணக்கைக் காட்டி, "நாங்கள் எடுத்த பங்கில் இல்லை, கலவைக்குப் போன பங்கில் இருந்திருக்கலாம்" என்று எழுதி முடித்திருக்கலாம். அந்தக் கடிதத்தின் வரைவு என் மேசையில் தயாராகவே இருந்தது.

அதை அனுப்பாமல் நிறுத்தியது ஒரு சின்னக் கணக்கு. கலவையில் பட்டைத்தூள் 8 சதவீதம். 25 கிராம் கலவையில் இருக்கும் பட்டைத்தூள் வெறும் 2 கிராம். 25 கிராம் பட்டைத்தூளை நேரடியாகச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வராத கிருமி, 2 கிராம் போன இடத்தில் இரண்டு ஆய்வகங்களுக்கும் வருகிறது. பட்டைத்தூளிலிருந்துதான் வந்தது என்றால், குறைவாகப் போட்டால் தெரிகிறது, அதிகமாகப் போட்டால் மறைகிறது என்று அர்த்தம். மாதிரி எடுப்பின் அதிர்ஷ்டத்தை வைத்து இதை விளக்க முடியாது.

பைக்குள் இருந்த விஷயம்

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சோதனை செய்யும் பெண்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், பட்டைத்தூள் பை மட்டும் எப்பவுமே கூழ் மாதிரி ஆயிடும். பைப்பெட்ல ஏறாது. நுனியை வெட்டிட்டுத்தான் எடுப்பேன்."

இன்குபேட்டரிலிருந்து ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். செம்பழுப்பு நிறத்தில், பையைச் சாய்த்தால் திரவம் ஓடாமல் மொத்தமாக நகர்ந்தது. பட்டையில் இருக்கும் வழவழப்புப் பொருள் நீரை இழுத்து ஊறிப் போயிருந்தது. பையைத் திறந்ததும் பட்டையின் மணம் மேசை முழுக்கப் பரவியது. கலவைத் தூளின் பையோ நன்கு வளர்ந்த நீருக்கே உரிய கலங்கலோடு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மாதக்கணக்கில் எங்கள் கண்முன்னே இருந்த ஒன்றை யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை என்பது உறைத்தது. பட்டைத்தூள் பையிலிருந்து எடுத்த துளியை எந்த மருந்தும் சேர்க்காத சாதாரண அகரில் தீட்டினோம். அதிலும் வளர்ச்சி மிகக் குறைவு. 18 மணி நேரம் ஊறிய பெப்டோன் நீர் அது. எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் தட்டு நிறைந்திருக்க வேண்டும்.

பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு பாக்டீரியாவைக் கொல்லும். கிராம்பில் யூஜினால், ஓரிகானோவில் கார்வக்ரால், பூண்டிலும் வெங்காயத்திலும் கந்தகச் சேர்மங்கள் இதே வேலையைச் செய்கின்றன. காய்ந்த தூளில் அடங்கிக் கிடக்கும் சால்மோனெல்லாவை, தேற்றுவதற்காக நாம் ஊற்றும் நீர்தான் அந்தச் சேர்மங்களோடு ஒன்றாகக் கரைத்து வைக்கிறது. மருத்துவமனை என்று நினைத்து அதை நாங்கள் சேர்த்த இடம் அதற்கு நஞ்சுத் தொட்டியாக இருந்தது.

இது அனுமானம்தானா, உண்மையா என்று தெரிய ஒரே வழி, தெரிந்த எண்ணிக்கையில் கிருமியை நாமே சேர்த்துப் பார்ப்பது. ஆய்வகத்தில் ஸ்பைக் என்போம். சேர்க்கும் கிருமியாக சால்மோனெல்லா நாட்டிங்ஹாமை (கிருமிச் சேகரிப்பு எண் என்.சி.டி.சி. 7832) எடுத்தோம். உணவில் அரிதாகவே வரும் வகை அது. பின்னால் ஏதாவது மாதிரியில் நேர்மறை வந்தால், அது நாங்கள் சிந்திய கிருமியா, உண்மையில் மாதிரியில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க வசதி.

ஒவ்வொரு பைக்கும் சுமார் பத்து செல்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்து பைகள். வெறும் பெப்டோன் நீரில் ஐந்திலும் கிடைத்தது. கலவைத் தூளில் ஐந்திலும் கிடைத்தது. பட்டைத்தூளில், நாங்கள் வழக்கமாகச் செய்யும் 25 கிராமுக்கு 225 மி.லி. விகிதத்தில், ஐந்தில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை. அதே 25 கிராமுக்கு 2,475 மி.லி. நீர், அதாவது நூறில் ஒன்று என்ற விகிதம் வைத்தபோது ஐந்திலும் கிடைத்தது.

பத்து செல் குறைவு என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால், ஒரு பட்டைத்தூள் பையில் மி.லி.க்கு லட்சம் என்ற அளவிலும் சேர்த்துப் பார்த்தோம். சேர்த்த உடனே எடுத்த துளி தட்டை நிரப்பியது. ஆறாவது மணி நேரத்தில் எடுத்தது எண்ணக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலைத் தட்டில் ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கில் போட்டதையே ஒரே இரவில் துடைத்துவிட்ட முறையை வைத்து, 25 கிராமில் ஒரு செல் இருந்தாலும் கண்டுபிடிப்போம் என்ற பொருளில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கன்ட்ரோல்கள் ஏன் சரியாக இருந்தன என்பதும் இப்போது விளங்கியது. நேர்மறைக் கன்ட்ரோலை நாங்கள் வைத்தது வெறும் பெப்டோன் நீரில். அதில் பட்டைத்தூள் கிடையாது. பிசிஆரின் உள்ளிருப்புக் கன்ட்ரோல் சேர்வதோ கடைசிக் கட்டத்தில், பிசிஆர் கலவையில். வினை நடந்தது என்று மட்டுமே அது சொல்லும். முந்தைய இரவு பையில் பாக்டீரியா வளர்ந்ததா, செத்ததா என்பது அதற்குத் தெரியாது. இரண்டும் தங்களுக்குத் தெரிந்ததை உண்மையாகவே சொன்னன. பட்டைத்தூளும் கிருமியும் ஒன்றாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்க எங்களிடம் ஒரு கன்ட்ரோலும் இல்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

ஸ்பைக் முடிவு வந்த அன்றே பட்டைத்தூள் அறிக்கைகளை நிறுத்தினோம். பட்டைத்தூளோடு கிராம்பு, ஓரிகானோ, பூண்டுத்தூள், வெங்காயத்தூள் ஆகியவற்றையும் நிறுத்தினோம். அவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லைதான். ஆனால் அவையும் கிருமியைக் கொல்லும் பொருள்கள் என்பது தெரிந்த பிறகு, நிரூபணம் வரும்வரை வெளியிடுவோம் என்பதைவிட நிரூபணம் வரும்வரை நிறுத்துவோம் என்பதே சரி என்று பட்டது. ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தில் முறைதவறிய வேலையைக் கையாளும் பிரிவு கேட்பதும் இதைத்தான். வருமானம் குறையும் என்று நிர்வாகத்தில் ஒருவர் தயங்கினார். ஐந்து காலித் தட்டுகளையும் ஐந்து நிறைந்த தட்டுகளையும் அவர் முன்னால் வைத்ததும் பேச்சு முடிந்தது.

விகிதத்தை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பாக்டீரியா பகுப்பாய்வுக் கையேட்டில் பட்டைக்கும் ஓரிகானோவுக்கும் நூறில் ஒன்று, கிராம்புக்கு ஆயிரத்தில் ஒன்று, வெங்காயம், பூண்டுத் தூள்களுக்கு ஊட்டத் திரவத்தில் 0.5 சதவீதம் பொட்டாசியம் சல்பைட் என்று நெடுங்காலமாகவே எழுதியிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 6579-1கூட மாதிரி தயாரிப்புக்கு 6887 வரிசையைப் பார்க்கச் சொல்கிறது. 25க்கு 225 என்பது பொது விதி. பொருளுக்குப் பொருள் மாறுவது அந்த வரிசையில் இருக்கிறது. முறையின் முதன்மை ஆவணத்தை வரிவரியாகப் படித்த நாங்கள், அது கைகாட்டிய ஆவணத்தைத் திறக்கவில்லை. முறையை முதலில் எங்கள் ஆய்வகத்தில் சரிபார்த்தபோது பயன்படுத்திய உணவுகள் பால் பவுடரும் மாவும். இரண்டிலும் கிருமிக்கு எந்தத் தொல்லையும் கிடையாது.

அடுத்த முடிவு, கையில் இருந்த பழைய இருப்பு மாதிரிகள் எல்லாவற்றையும் நூறில் ஒன்று விகிதத்தில் மறுபடி சோதிப்பது. வாடிக்கையாளர் கேட்காமலே, எங்கள் செலவில். பால் பவுடர் மீதான சந்தேகத்துக்கு அடிப்படை எங்கள் அறிக்கை என்பதால், "பட்டைத்தூள் முடிவை நம்பி வேறு முடிவு எடுக்க வேண்டாம்" என்று அன்று மாலையே வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுத்திலும் அனுப்பினோம். காரணம் முழுவதும் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு லாட் கலவை தயாராகிவிடும்.

நூறில் ஒன்று, நடைமுறையில்

கையேட்டில் படிக்க ஒரே வரி. செய்யும்போதுதான் தெரிந்தது. ஒரு மாதிரிக்கு இரண்டரை லிட்டர் பெப்டோன் நீர். முன்பு ஐந்து 25 கிராம் பங்குகளைச் சேர்த்து ஒரே பையில் போடுவோம். இப்போது அப்படிச் செய்தால் பன்னிரண்டரை லிட்டர். இன்குபேட்டரின் இரண்டு தட்டுகளைக் கழற்றி, ஐந்து லிட்டர் பாட்டில்களில் ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக வைத்தோம்.

மறுசோதனையின் முதல் சுற்றில் ஸ்பைக் செய்த ஐந்து பாட்டில்களில் மூன்றில்தான் கிடைத்தது. மறுபடி குழப்பம். காரணம் எளிதானதாக இருந்தது. அறை வெப்பநிலையில் இருந்த இரண்டரை லிட்டர் நீரை அப்படியே உள்ளே வைத்திருந்தோம். வெறும் நீர் நிரப்பிய பாட்டிலில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தால், நான்கு மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி 37ஐத் தொடவில்லை. 18 மணி நேர வளர்ச்சியில் பெரும் பங்கு சூடேறுவதிலேயே போயிருக்கிறது. முந்தைய இரவே நீரை இன்குபேட்டரில் வைத்துச் சூடாக்கி, மறுநாள் மாதிரியைக் கலந்தபோது ஐந்திலும் வந்தது. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமானியோடு ஒரு பாட்டில் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

கிராம்பு எங்களால் முடியவில்லை. 25 கிராமுக்கு 25 லிட்டர். பால் பவுடர் சேர்த்து விகிதத்தைக் குறைக்க முயன்றோம். கோகோவில் கிருமியைத் தடுக்கும் பொருள்களை அடக்க கொழுப்பு நீக்கிய பால் சேர்ப்பது வழக்கம், அந்த நம்பிக்கையில். எங்கள் ஸ்பைக்கில் அது பலன் தரவில்லை. மாதிரியின் எடையைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் 1 கிராமில் தேடிவிட்டு 25 கிராமில் இல்லை என்று சொல்ல முடியாது. கிராம்பை எங்கள் சோதனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம்.

பிறகு நடந்தவை

இருப்பில் இருந்த பட்டைத்தூள் மாதிரிகளில் இரண்டு லாட்டுகளில் சால்மோனெல்லா வந்தது. அவற்றில் ஒன்று அந்தக் கலவைக்குப் போன லாட். வகை பார்க்க வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நாட்டிங்ஹாம் இல்லை, எனவே எங்கள் ஸ்பைக் கிருமி சிந்தியது இல்லை. கலவையில் கிடைத்ததும் பட்டைத்தூளில் கிடைத்ததும் ஒரே சீரோவகை, அதாவது சால்மோனெல்லாவின் ஒரே உள்வகை. மரபணு வரிசை வரை போகவில்லை. ஆனால் கையில் இருந்தவற்றை வைத்து முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

வாடிக்கையாளர் கலவையைத் திரும்பப் பெற்றார். இனி நீராவியில் பதப்படுத்திய பட்டைத்தூள் மட்டுமே வாங்குவது என்று மாற்றிக்கொண்டார். பால் பவுடர் சப்ளையரின் லாட் விடுவிக்கப்பட்டது. நடந்ததை விளக்கி அவருக்கு நாங்களே ஒரு கடிதம் எழுதினோம். அவர் எங்கள் வாடிக்கையாளர் கிடையாது, எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் அவரிடம் இல்லாத பிழையை அவர் தேடிக்கொண்டிருந்த நாள்களுக்கு நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தோம்.

மற்ற வாடிக்கையாளர்களில் இருவர் விலகினார்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் மற்ற மசாலாப் பொருள்களின் பட்டியலை அனுப்பி, எதற்கெல்லாம் ஸ்பைக் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முதல் நாளிலேயே எங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மாறியவை

புதிய வகை உணவு எது வந்தாலும், முதல் மாதிரியோடு அதே உணவில் ஸ்பைக் செய்த பையும் போகிறது. பை தேறினால்தான் அறிக்கை. ஒரே ஆய்வகம் தனக்குள் முறையைச் சரிபார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 16140-3, தன் பட்டியலில் இருக்கும் உணவு வகைகளில் செய்து காட்டச் சொல்கிறது. அதில் எளிய உணவுகளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, எங்களைத் தோற்கடிக்கக்கூடியவற்றையே முதலில் எடுக்கிறோம்.

அறிக்கையில் விகிதத்தையும் எழுதுகிறோம்: "25 கிராமில் கண்டறியப்படவில்லை, முன்செறிவூட்டல் விகிதம் 1:100." படிக்கிறவர் அதே பொருளுக்கு வேறோர் ஆய்வகத்தின் அறிக்கையில் 1:10 என்று பார்த்தால் கேள்வி கேட்க முடியும். பட்டைத்தூளுக்கு பிசிஆர் குறுக்குவழி இப்போதும் உண்டு, ஆனால் நூறில் ஒன்று நீரிலிருந்துதான்.

பணிப் பதிவேட்டில் ஒரு புதிய பத்தி இருக்கிறது: "மாதிரி எப்படி இருந்தது?" கூழானது, நுரைத்தது, நிறம் மாறியது, பைப்பெட் நுனியை வெட்ட வேண்டியிருந்தது என்று எதுவானாலும் எழுதலாம். வெள்ளிக்கிழமை அதை நானே படிக்கிறேன். நுனியை வெட்டிய அந்தப் பெண் மாதக்கணக்கில் சரியான தடயத்தைக் கையில் வைத்திருந்தார். அதை எழுத ஓர் இடம் கொடுக்காதது என் குறை.

சரிசெய்ய முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது. இருப்பு மாதிரிகளை வைத்திருக்கும் காலம் முடிந்து, அப்புறப்படுத்திய பழைய லாட்டுகளின் அறிக்கைகள் அவை. மறுபடி சோதிக்க எங்களிடம் தூள் இல்லை. அந்த அறிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எண் குறிப்பிட்டு, பயன்படுத்திய விகிதத்தில் பட்டைத்தூளில் சால்மோனெல்லாவைக் கண்டறிய முடியாது என்பது பின்னர் தெரியவந்ததால் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் அனுப்பினோம். ஒரே ஒருவர் பதில் எழுதினார். அவருடைய கிடங்கில் அந்தப் பழைய லாட்டில் ஒரு பை பிரிக்காமல் இருக்கிறதாம், அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். அனுப்பச் சொல்லிவிட்டு, அன்று இரவே பன்னிரண்டரை லிட்டர் பெப்டோன் நீரைச் சூடாக்க உள்ளே வைத்தோம்.